மருந்தில்லா ஊசியும் ஆகஸ்ட் பதினைந்தும்

ஜூலை 8, திங்கள்

பட்டியல் வந்துவிட்டது. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஆயுதப்படை மைதானத்தில் கலெக்டர் கையால் நற்சான்றிதழ் வாங்கப்போகிறவர்களில் ஏழாவது பெயர்: வே. ஞானபுஷ்பம், சிறப்பு உதவி ஆய்வாளர். இருபத்தாறு வருட சர்வீஸில் ஒரு மெமோ கிடையாது, ஒரு நாள் தாமதம் கிடையாது. சும்மா தூக்கிக் கொடுக்கிறார்களா என்ன? எனக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்!

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். முகமெல்லாம் பல்.

"ஏட்டி புஷ்பம், மேடையில ஏறி சல்யூட் அடிப்பியா?"

"போகும்போது ஒண்ணு, சர்டிபிகேட்ட வாங்கிட்டு ஒண்ணு. மொத்தம் ரெண்டு."

"நான் பாக்கணுமே."

"டிவியில காட்டுவாவ. பாருங்க" என்று சொல்லிவிட்டேன். இவரை ஆட்டோவில் ஏற்றி, மைதானத்தில் இறக்கி, மறுபடி ஏற்றி... அன்றைக்கு விடியுமுன் நான் மைதானத்தில் நிற்க வேண்டும். முடியாத காரியம். மூன்று வருடத்துக்கு முன் இவர் ஓட்டிய பஸ் கோவில்பட்டி சாலையில் கவிழ்ந்ததில் இருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

சரி, எழுத வேண்டியதை எழுதுகிறேன். வலது முழங்கை தோள் உயரத்துக்கு வரவில்லை. ஒரு மாதமாகவே இப்படித்தான். கொஞ்சம் தூக்கினால் தோள்பட்டைக்குப் பின்னால் யாரோ திருகுகிறார்கள். சல்யூட் அடிக்க வேண்டிய கை அது. இந்த நோட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

ஜூலை 9, செவ்வாய்

வழி கண்டுபிடித்துவிட்டேன். தலையில் தொப்பி இருந்தால்தான் கையால் சல்யூட். தொப்பி இல்லாவிட்டால் விறைப்பாக நின்றால் போதும், அதுதான் போலீஸ் விதி. இன்று டி.எஸ்.பி. வந்தபோது தொப்பியை மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டு விறைப்பாக நின்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மூளை என்றால் இதுதான் மூளை.

ஜூலை 11, வியாழன்

இன்றும் தொப்பி டிராயருக்குள். மாலையில் ரேஷன் அரிசி வாங்கி வந்தேன். பையை இடது கையிலேயே தூக்கிக்கொண்டேன்.

ஜூலை 13, சனி

மூளை மண்ணாங்கட்டி.

இன்ஸ்பெக்டர் சண்முகவடிவேல் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"என்னம்மா, தொப்பி எங்க?"

"டிராயர்ல இருக்கு சார்."

"தலைக்குத் தொப்பியா, டிராயருக்குத் தொப்பியா? அஞ்சு நாளா பாக்கேன். இந்த ஸ்டேஷன்ல தொப்பியோட பொறந்த ஒரே ஆளு நீங்கதான்னு நானே சொல்லிக்கிட்டு திரியுதேன். மெமோ எழுத வச்சிராதிய."

மெமோ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஓடிப்போய்த் தொப்பியை எடுத்து வந்தேன். தலையில் வைத்து, கையைத் தூக்கிக் காட்டினேன். பாதியில் நின்றது. அவர் பேனாவை மூடிவைத்தார்.

"ஆகஸ்ட் பதினஞ்சுக்கு முன்னால சரியாகுமா?"

"சரியாக்கிருவேன் சார்."

"ஒத்திகை பன்னெண்டாம் தேதி. அன்னைக்குக் கை தூக்கலன்னா பேரை அடுத்த வருசத்துக்கு மாத்திருவாவ. நம்ம கையில இல்ல. போய் வைத்தியத்தப் பாருங்க."

அடுத்த வருடமாம். நானா அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கிறவள்?

ஜூலை 15, திங்கள்

எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்தார். எலும்பில் குறையில்லை, நரம்பில் குறையில்லை, தசைநாரும் கிழியவில்லை. சதைதான் இறுகிக் கிடக்கிறதாம். பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்.

இவரிடம் 'பந்தோபஸ்துக்கு மழையில் நின்ற ஈரம்' என்று சொல்லிவைத்தேன். நம்பின மாதிரிதான் இருந்தார். பிறகு மெதுவாக, "நான் வேணா கொஞ்ச நாளு நாகர்கோவில்ல அக்கா வீட்டுல போயி இருக்கட்டா?" என்றார். அந்தப் பேச்சை எடுத்தால் நான் மனுஷியாக இருக்கமாட்டேன் என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஜூலை 16, செவ்வாய்

பிசியோதெரபி டாக்டரம்மா பெயர் கோகிலவாணி. முப்பது வயது இருக்கும். பொள்ளாச்சிக்காரி, நம்ம ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்' போடுகிறாள். தோளை அமுக்கிப் பார்த்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்ததும் நான் கட்டிலை விட்டு எழும்பிவிட்டேன்.

"இங்கதானுங்க்கா முடிச்சு. சதை இறுகிப்போய்க் கெடக்குது. ட்ரை நீட்லிங் பண்ணிப் பாக்கலாங்களா? மெல்லிசா ஒரு ஊசிய அந்த முடிச்சுக்குள்ள விடுவோம். சதை ஒரு துடி துடிச்சுட்டு எளகிக்கும்."

"ஊசியில என்ன மருந்து?"

"மருந்தே இல்லீங்க்கா."

"மருந்தில்லாம எதுக்கு ஊசி?"

"ஊசிதாங்க்கா வேலை பண்ணும்."

ஐம்பது வயதை எட்டப்போகிறவளை ஏமாற்றப் பார்க்கிறாளோ என்று நினைத்தேன். சம்மதக் கடிதத்தைக் கொடுத்தாள். குற்றப்பத்திரிகை படிப்பது போல வரிவரியாகப் படித்தேன். வலி வரலாம், ரத்தம் கசியலாம், கன்றிப்போகலாம், மிக அபூர்வமாக நுரையீரலில் படலாம். கடைசி வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பயமெல்லாம் இல்லை. ரத்த அழுத்தம் நூற்றைம்பது காட்டியது மெஷின் கோளாறு.

ஊசி உறையைப் பிரிக்கும் முன் என்னிடம் காட்டச் சொன்னேன். திருட்டுப் பொருளைக் கைப்பற்றினால் மகஜர் எழுதுகிற மாதிரி, நம்பர், காலாவதி தேதி எல்லாம் பார்த்தேன். டாக்டரம்மா சிரிக்காமல் நின்றாள். அது எனக்குப் பிடித்தது.

"கனமா எதாச்சும் தூக்குவீங்களா? தண்ணிக் கொடம், சிலிண்டரு?"

"இல்ல."

"வீட்டுல யாரெல்லாம் இருக்கறீங்க?"

"நானும் அவரும்."

குப்புறப் படுக்கவைத்து, அசையக்கூடாது என்று சொல்லி ஊசியை விட்டாள். குத்தியதே தெரியவில்லை. உள்ளே போய் அந்த இடத்தைத் தொட்டதும் சதை தானாகத் துள்ளியது பாருங்கள், அப்பா! தவளையைத் தோளுக்குள் வைத்துத் தைத்த மாதிரி. நாலு இடத்தில் இப்படி. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த அறையில் ஏசி காற்று நேரே முகத்தில் அடிக்கிறது, அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். மாற்றிவைக்கிறேன் என்றாள்.

ஜூலை 17, புதன்

அடி வாங்கியவன் தோள் மாதிரி இருக்கிறது. இரண்டு நாள் இப்படித்தான் இருக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கையை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். இவரைக் குளிக்கவைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, ஏழரைக்கு ஸ்டேஷன்.

ஜூலை 20, சனி

முழங்கை தோள் உயரத்துக்கு வந்துவிட்டது!

ஸ்டேஷன் கழிவறைக் கண்ணாடி முன்னால் மூன்று சல்யூட் அடித்தேன். தொப்பியோடு. இன்ஸ்பெக்டருக்கு ஒன்று அடித்தேன். அவர் எழுந்து நின்று திருப்பி அடித்தார். மருந்தில்லாத ஊசி என்று ஏளனம் செய்த வாயை நானே கிள்ளிக்கொள்ள வேண்டும்.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் இவருக்குத் தலைக்கு ஊற்றினேன். பிறகு எதிர்வீட்டுச் செல்லையாவின் ஆட்டோவில் கோயிலுக்குப் போய் ஆராதனை முடிந்து வந்தோம். மீன் குழம்பு. சாயங்காலம் தோள் கொஞ்சம் கனமாக இருந்தது.

ஜூலை 23, செவ்வாய்

இரண்டாவது ஊசி. கை மறுபடி பழைய இடத்துக்கே போய்விட்டது. டாக்டரம்மா விரலால் துழாவிக்கொண்டே கேட்டாள்.

"சனிக்கெழமை நல்லா இருந்துச்சுங்களா?"

"இருந்துது."

"ஞாயித்துக்கெழம என்ன பண்ணுனீங்க?"

"கோயிலுக்குப் போனோம்."

"போனோம்னா, ரெண்டு பேருமா?"

"ஆமா."

"அவரு வண்டி ஓட்டுவாருங்களா?"

 இருபத்தாறு வருடத்தில் எத்தனை பேரை எதிரில் உட்காரவைத்து இப்படி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு மூலைக்குத் தள்ளியிருப்பேன். ஒருத்தரும் என்னைத் தள்ளியதில்லை.

"அக்கா, நான் போலீஸு இல்லீங். ஆனா இது ஒரே பக்கமா ஆளத் தூக்கித் தூக்கி இறுகுன தோளு. கழுத்துல வேற நகக்கீறல் இருக்குது. யாரோ கழுத்தக் கட்டிப் புடிக்கறாங்க. எத்தன கிலோங்க்கா?"

"எழுபத்தி நாலு" என்றேன்.

கட்டிலில் இருந்து கழிவறை நாற்காலிக்கு, அங்கிருந்து குளியலுக்கு, அங்கிருந்து சக்கர நாற்காலிக்கு, மறுபடி கட்டிலுக்கு. ஒரு நாளைக்கு ஆறு முறை. ஞாயிறு என்றால் பத்து. மூன்று வருடமாக. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்ல என்ன வெட்கம்? மூன்று வருடத்தில் இவர் முதுகில் ஒரு படுக்கைப் புண் கிடையாது. எந்த ஆஸ்பத்திரியில் காட்ட முடியும் இதை?

"நீங்க செய்யறது பெரிய விசயந்தானுங்க்கா. ஆனா நான் முடிச்ச அவுக்கறேன், நீங்க வீட்டுக்குப் போயி மறுபடி போடறீங்க. ஊசி மட்டும் என்ன பண்ணும்?"

ஜூலை 26, வெள்ளி

டாக்டரம்மா வீட்டுக்கே வந்தாள். கையில் வழவழவென்று இழைத்த ஒரு பலகை, இரண்டரை அடி நீளம். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் பாலம் மாதிரி போட்டு, கைகளை ஊன்றி அவரே நகர்ந்துவிடலாமாம். கொஞ்சம் பவுடர் தூவினால் வழுக்கிக்கொண்டு போகுமாம்.

"ஸ்டியரிங் புடிச்ச கையுங்க, எப்பிடி இருக்குது பாருங்க! இவரால முடியுமுங்க்கா" என்று இவர் புஜத்தைத் தட்டினாள். இவருக்குக் கண் மின்னியது.

எனக்கு வந்ததே கோபம். கட்டின புருஷனை மூட்டை மாதிரி பலகையில் தள்ளிவிடுவதற்கா நான் இருக்கிறேன்? எனக்குக் கை இல்லையா? "இந்த வீட்டுல அது வேண்டாம்" என்றேன். டாக்டரம்மா காப்பியைக் குடித்துவிட்டு, பலகையை வைத்துவிட்டுப் போனாள். பக்கத்தில் ஆள் இல்லாமல் பழகக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

பலகையை பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டேன். இவர் சாப்பிட்டு முடித்தார். பிறகு சொன்னார்:

"ஏட்டி, நான் ஒருநாளாவது ஒனக்கு முன்னால எழும்பி உக்காரணும்னு நெனைக்கப்படாதா?"

"நீங்க உக்காந்து என்ன செய்யப்போறீய?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

ஜூலை 28, ஞாயிறு

காலையில் இவரைக் கட்டிலில் இருந்து எடுக்கும்போது சற்றுத் தரையில் உட்கார வேண்டியதாயிற்று. விழவில்லை. இறக்கி வைத்தேன். கோயிலுக்குக் கூட்டிப்போக வந்த செல்லையா தூக்கி உட்காரவைத்தார். கோயிலுக்குப் போகவில்லை.

ஜூலை 29, திங்கள்

நேற்று எழுதியது பொய். விழுந்தார். என் கை விட்டுவிட்டது. தலை கட்டில் காலில் மோத ஒரு விரற்கடைதான் பாக்கி. அவரை மடியில் சாய்த்துக்கொண்டு அரைமணி நேரம் தரையிலேயே கிடந்தேன்.  அவர்தான் என் தோளைத் தடவிக்கொண்டே, "நல்லாத்தான இருக்கேன், அழாத, அழாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்லையாவிடம் சொல்லியாயிற்று. ஆகஸ்ட் பதினைந்து வரை காலையும் மாலையும் அவர் வந்து தூக்குவார். நல்ல மனுஷன். அடுத்தவரிடம் உதவி என்று நான் கேட்டது இதுதான் முதல் முறை. 

ஜூலை 30, செவ்வாய்

மூன்றாவது ஊசி. தவளை மூன்று முறைதான் துள்ளியது. முடிச்சு குறைகிறதாம். சுவரில் விரல்களால் ஏறுகிற பயிற்சி, ரப்பர் பட்டையை இழுக்கிற பயிற்சி இரண்டையும் தினமும் செய்கிறேன். ஸ்டேஷனில் கான்ஸ்டபிள்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், சட்டப்படி குற்றமில்லை.

ஆகஸ்ட் 3, சனி

பவுடர் டப்பா இரண்டே நாளில் காலி. வேர்க்குருவா என்று இவரைக் கேட்டேன். ஆமாம் என்றார். முதுகைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இன்னொரு டப்பா வாங்கி வைத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நாலாவது ஊசி. சல்யூட் முழுசாக வருகிறது. டாக்டரம்மாவுக்கே ஒன்று அடித்தேன். "எனக்கெதுக்குங்க்கா!" என்று வெட்கப்பட்டாள்.

மத்தியானம் சாப்பிட வருவதாக இருந்தால் முன்னாலேயே போன் பண்ணு என்கிறார் இவர். எதற்கு என்றால், குழம்பைச் சூடு பண்ணச் சொல்லுவாராம். யாரிடம் சொல்லுவார்? ஊரில் நடக்கிற திருட்டையெல்லாம் பிடிக்கிற நமக்கு வீட்டில் எதற்குச் சந்தேகம் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஒத்திகை. முதல் சல்யூட் கத்தி மாதிரி. இரண்டாவதில் கடைசியாக ஒரு சின்ன நடுக்கம். இன்ஸ்பெக்டர் தூரத்தில் இருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பெயர் பட்டியலில் நிலைத்துவிட்டது.

ஆகஸ்ட் 14, புதன்

சீருடைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி. பூட்ஸுக்கு மூன்று கோட் பாலிஷ். டிவி ரிமோட்டை இவர் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஏழாவது பெயரைக் கூப்பிட்டார்கள். ஆறு அடி வைத்து மேடையேறி நின்றேன். கை தானாகப் போனது. முழங்கை தோளுக்கு நேராக, விரல் புருவத்துக்கு நேராக, வலி என்ற பேச்சே இல்லை. கலெக்டர் சான்றிதழைக் கொடுத்து, "கங்கிராஜுலேஷன்ஸ் மேடம்" என்றார். ஓர் எட்டு பின்னால் வைத்து இரண்டாவது சல்யூட். நடுக்கம் இல்லை. அந்த நிமிடத்தில் மைதானத்தில் என்னைவிட நிமிர்ந்து நின்றது கொடிக்கம்பம் ஒன்றுதான். எழுதிவைக்கிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

இறங்கி வரும்போது பந்தலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி. அதில் இவர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. பின்னால் செல்லையா நின்றுகொண்டிருந்தார்.

"கை நல்லாவே ஏறிச்சிட்டி. ரெண்டு சல்யூட்டும் பாத்தேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"எப்பிடி வந்தீய?"

"ஆட்டோல."

"யாரு தூக்கி வச்சா?"

"யாரும் தூக்கல."

செல்லையாவைப் பார்த்தேன். "நான் தொடல மேடம், சத்தியமா தொடல. ரெண்டு வாரமா மத்தியானம் மத்தியானம் பழகுதாவ. டாக்டரம்மாவும் நாலு தடவ வந்தாவ. நான் பக்கத்துல நிப்பேன், அவ்வளவுதான்."

சாட்சி சொன்னால் மட்டும் போதாது. சம்பவத்தை நடித்துக் காட்டச் சொல்வது எங்கள் வழக்கம். "அப்பிடின்னா ஏறிக் காட்டுங்க" என்றேன்.

மைதான வாசலுக்குப் போனோம். ஆட்டோவின் பக்கக் கம்பியைச் செல்லையா கழற்றி வைத்திருந்தார். இவர் நாற்காலியை ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டு, பலகையை எடுத்துச் சீட்டுக்கும் நாற்காலிக்கும் நடுவில் வைத்தார். அதே பலகை. சட்டைப் பையில் இருந்து பவுடரை எடுத்துத் தூவினார். ஒரு கையைப் பலகையிலும் ஒரு கையை நாற்காலியிலும் ஊன்றி இடுப்பைத் தூக்கினார். நாலு விரற்கடைதான் நகர்ந்தார். மூச்சு வாங்கினார். மறுபடி ஊன்றினார். ஆட்டோ சீட் உயரம். பாதியில் ஒரு தடவை வழுக்கிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

பேண்டு வாத்தியக் கான்ஸ்டபிள்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவன் "ஐயா, நான் தூக்குதேன்" என்று ஓடி வந்தான்.

"தொடாதலே!" என்று நான் போட்ட சத்தத்தில் மைதானமே திரும்பியது.

என் கை இரண்டும் பரபரத்தன. எங்கே பிடித்தால் அவருக்கு வலிக்காது, எங்கே அணைத்தால் எளிதில் எழும்புவார், எல்லாம் அந்தக் கைகளுக்குத் தெரியும். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காலை அகட்டி, பரேடில் நிற்கிற மாதிரி நின்றேன். மேடையில் நின்றது இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. ஏறிவிட்டார். காலை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். பேண்டு ஆட்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, கையைப் பிரித்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலேயே நின்றேன். இங்கே ஏசி கிடையாது, அழுதேன்.

இவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னட்டி பாத்துக்கிட்டே நிக்க? நகந்து இடம் விட்டுட்டம்லா, ஏறு" என்றார்.

ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீடு வரும்வரை சான்றிதழை அவர்தான் வைத்திருந்தார்.